3 ஆண்டு என்று தொடங்கி 53 ஆண்டு நின்ற குப்பைமேடு

வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தபொழுது, மன்னர் வரலாறோ விடுதலைப் போர் வரலாறோ எழுதுவோம் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ குப்பை. இதனைக் கேட்டுச் சிலர் முகஞ்சுளிக்கலாம். சுளிப்போர் நம்மவராக இருத்தற்கில்லை. நகராட்சி என்றொன்று இந்நாட்டில் தோன்றிய நாள்முதல் தெருவைப் பெருக்கியவர் யார், வண்டியிழுத்தவர் யார், ஊரார் கழித்ததை ஊருக்கப்பால் கொண்டு கொட்டியவர் யார் என்பதை நம் இளைஞர்க்கு யாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கொட்டிய அவ்விடத்தை அடுத்துக் குடியிருந்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டுவதில்லை. சொல்ல வேண்டுவது ஒன்றுண்டு. குப்பைக்கும் வரலாறு உண்டு; அதற்கும் ஆண்டுக் கணக்கும், சட்டமும், வழக்கும், வேலைநிறுத்தமும், உயிர்ப்பலியும் உண்டு. அவ்வரலாற்றை உலகின் பெருநகரொன்றின் வழியே காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொறியாளர் குப்பைக் கிடங்கைப் பற்றிப் பேசுங்கால் 'ஆயுள்' என்றொரு சொல்லை வழங்குவர். ஓரிடத்தில் இன்னும் எத்துணை ஆண்டு கொட்டலாம் என்பதே அதன் ஆயுள். அதனை நீட்டிக்கும் வழிகள் சில. கொட்டியதை எந்திரத்தால் அழுத்தி மேலும் மேலும் உயர்த்துதல் ஒரு வழி. வந்து சேரும் குப்பையைப் பிரித்தெடுத்துக் குறைத்தல் மற்றொன்று. பழைய குப்பையை அகழ்ந்து சலித்து இடத்தை மீட்டல் மூன்றாவது. ஆயுள் முடிந்தபின் அவ்விடத்தை மூடி, மண்ணிட்டு, புல்லும் மரமும் வளர்த்து இயற்கையினிடம் ஒப்படைப்பது இறுதிக் கடமை. ஏட்டில் எழுதும்பொழுது இவையெல்லாம் எளியன. நடந்த வரலாறு அவ்வாறில்லை.

நியூயார்க் நகரை நம் சங்கத்து உறுப்பினர் அண்ணல் அம்பேத்கர் பயின்ற நகரமாக அறிவர். 1913 முதல் 1916 வரை அவர் பயின்ற கொலம்பியாப் பல்கலைக்கழகம் அந்நகரிலேயே உள்ளது. அந்நகரின் தெருக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை முழங்கால் அளவு சேறும் குதிரைச் சாணமும் நிறைந்து கிடந்தன. 1895-இல் தெருத் துப்புரவுத் துறைக்கு ஆணையராக வந்த கர்னல் ஜார்ஜ் வாரிங் என்பார் இரண்டு காரியங்கள் செய்தார். துப்புரவுப் பணியாளர்க்கு வெண்ணிறச் சீருடை அளித்தார். 1896-இல் அவர்களை நகரின் முதன்மைச் சாலையில் அணிவகுத்து நடக்கச் செய்தார். அதுவரை ஏளனம் செய்த மக்கள் அன்று நின்று பார்த்தனர். இரண்டாவது காரியம், வீட்டிலேயே குப்பையை மூன்றாகப் பிரித்து வைக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது: சாம்பல் தனி, உணவுக் கழிவு தனி, உலர்ந்த பொருள் தனி. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே குப்பையை மூன்றாகப் பிரிக்கக் கட்டளையிட்டபொழுது அதனைப் புதுமை எனப் பலர் வியந்தனர். இடைவெளி 120 ஆண்டு. வாரிங் 1898-இல் மறைந்தார். அவர் தொடங்கிய பிரிக்கும் முறையும் சில பத்தாண்டுகளுள் கைவிடப்பட்டது. பிரிப்பதினும் கொட்டுவது எளிதன்றோ!

எங்கே கொட்டுவது? நெடுங்காலம் கடலில் கொட்டினர். அக்குப்பை அலையில் மிதந்து அண்டை மாநிலமாகிய நியூ ஜெர்சியின் கரைகளில் ஒதுங்கிற்று. அம்மாநிலம் வழக்குத் தொடுத்தது. உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி 1934-இல் கடலில் கொட்டுவது நின்றது. பிறகு எரித்தனர்; சதுப்பு நிலங்களில் இட்டு நிரப்பினர். 'சதுப்பு நிலம் வீண் நிலம். அதனை நிரப்பினால் பயனுள்ள நிலமாகும்' என்பது அக்காலத்துப் பொறியியற் கொள்கை. மீனும் நண்டும் பெருகுமிடம், வெள்ளத்தை வாங்கி வைக்குமிடம், பறவை தங்குமிடம் என்னும் அறிவு அன்று ஆட்சியாளர்க்கு இல்லை. அல்லது, இருந்தும் பயனில்லை.

அந்நகரின் ஐந்து வட்டாரங்களுள் மக்கள்தொகை குறைந்தது ஸ்டேட்டன் தீவு. அதன் மேற்குக் கரையில் கடல்நீர் ஏறி இறங்கும் ஓடைகளும் உப்புச் சதுப்பும் நிறைந்த ஒரு பகுதிக்கு ஃபிரெஷ் கில்ஸ் என்று பெயர். ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் 'கில்' என்றதும் கொல்லுதல் என்று பொருள் கொள்வர். அது டச்சுக்காரர் இட்டுச் சென்ற சொல். ஓடை என்பதே அதன் பொருள். நன்னீர் ஓடை என்ற பெயருடைய அவ்விடத்தில் 1948-இல் குப்பை கொட்டத் தொடங்கினர். இத்திட்டத்தின் முதல்வர் இராபர்ட் மோசஸ். பாலங்களும் பூங்காக்களும் நெடுஞ்சாலைகளும் கட்டி நியூயார்க்கின் உருவத்தையே மாற்றியவர். அச்சாலைகளுக்காக ஏழையர் குடியிருப்புகளை இடித்துத் தள்ளியவர் என்ற பழியும் உடையவர். தீவு மக்கள் எதிர்த்தனர். 3 ஆண்டுகளே கொட்டுவோம், சதுப்பு நிரம்பியதும் அதன்மேல் பூங்காவும் குடியிருப்பும் எழும் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது.

அந்த 3 ஆண்டு முடிந்தது. கொட்டுவது நிற்கவில்லை. 1955-இல் அதுவே உலகின் மிகப்பெரிய குப்பைக் கிடங்காக இருந்தது.

இவ்வாறு ஆயுள் நீண்டதற்குக் காரணம் யாது? ஒரு நாள் ஒருவர் உட்கார்ந்து, 'இதனை 53 ஆண்டு நடத்துவோம்' என்று முடிவு செய்யவில்லை. வேறிடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றின் சுமை ஒவ்வொரு முறையும் இங்கே ஏறிற்று. நகராட்சியின் எரியுலைகளும் அடுக்குமாடி வீடுகளின் அடித்தளத்திலிருந்த எரியுலைகளும் புகையால் நகரைக் கெடுத்தமையால் நாளடைவில் நிறுத்தப்பட்டன. எரியாத குப்பை ஃபிரெஷ் கில்ஸுக்குச் சென்றது. புரூக்ளின் வட்டாரத்துக் கடலோரக் கிடங்குகள் 1980-களில் மூடப்பட்டன. அக்குப்பையும் அங்கேயே சென்றது. 1991-இல் குவீன்ஸ் வட்டாரத்தின் எட்ஜ்மியர் கிடங்கு மூடப்பட்டபின் மாநகர் முழுமைக்கும் எஞ்சிய ஒரே கிடங்கு இதுவே. 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் நாளொன்றுக்கு 29,000 டன் வரை அங்கே வந்திறங்கிற்று. ஆற்றங்கரை நிலையங்களில் குப்பையை ஏற்றிக்கொண்ட தட்டைப் படகுகள் இரவு பகலாக வந்த வண்ணம் இருந்தன. நான்கு மேடுகள் எழுந்தன. உயர்ந்தது 225 அடி. பீடத்தை நீக்கிப் பார்த்தால் அந்நகரின் சுதந்திர தேவி சிலை இதனினும் குள்ளம்.

மேட்டின் அடியில் நீர்புகாத் தளம் ஏதும் அமைக்கப்படவில்லை. மழைநீர் குப்பையினூடே இறங்கிக் கருநிறக் கசிவுநீராகி ஓடைகளில் கலந்தது. எதிர்க்கரையிலிருந்த வுட்பிரிட்ஜ் என்னும் ஊர், மிதந்து வரும் குப்பையைப் பொறுக்க மாட்டாமல் 1979-இல் நீதிமன்றம் சென்றது. நீதிமன்ற ஆணைகளுக்குப் பின்னரே வலையும் தடுப்பும் படகுக்கு மூடியும் வந்தன.

மேட்டின் வரலாற்றை மட்டும் சொல்லி, மேட்டுக்குக் குப்பையைக் கொண்டு சென்றவரை விட்டுவிட்டால் அது பாதி வரலாறே. ஆதலின் 1968-ஆம் ஆண்டுக்கு வருவோம்.

அவ்வாண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் நியூயார்க் துப்புரவுப் பணியாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஒன்பது நாளில் தெருக்களில் ஏறத்தாழ 1,00,000 டன் குப்பை குவிந்தது. ஒன்பது நாள் குப்பை அள்ளாவிடில் உலகின் செல்வநகர் என்ன கதிக்கு ஆளாகும் என்பது அன்று தெரிந்தது. வலுவான தொழிற்சங்கம் அவர்களுக்கு இருந்தது. ஊதிய உயர்வு பெற்றுத் திரும்பினர்.

அந்த வேலைநிறுத்தம் தொடங்குதற்கு முதல்நாள், பிப்ரவரி 1-ஆம் நாள், தென்மாநிலமாகிய டென்னசியின் மெம்பிஸ் நகரில் கடுமழை பெய்தது. அந்நகரில் குப்பை அள்ளுவோர் ஏறக்குறைய அனைவரும் கறுப்பின மக்கள். வெள்ளையர் வாழும் தெருக்களில் மழைக்கு ஒதுங்கி நிற்க அவர்களுக்கு இடமில்லை. எக்கோல் கோல், இராபர்ட் வாக்கர் என்னும் இரு தொழிலாளர் குப்பை வண்டியின் பின்புறத்தில், குப்பை கொட்டும் வாயிலேயே ஒதுங்கினர். பழுதுபட்ட வண்டி அது. குப்பையை அழுத்தும் எந்திரம் தானே இயங்கி இருவரையும் உள்ளிழுத்து நசுக்கிற்று. குப்பையோடு குப்பையாக இருவர் மாண்டனர். அவ்வண்டிகள் பழுதுடையன என்று தொழிலாளர் முன்னமே முறையிட்டிருந்தனர், கேட்பாரில்லை.

பிப்ரவரி 12-ஆம் நாள் ஏறத்தாழ 1,300 தொழிலாளர் வேலைக்குச் செல்லவில்லை. அவர்களைத் திரட்டியவர் டி. ஓ. ஜோன்ஸ்; தாமும் குப்பை அள்ளியவர், சங்கம் அமைத்ததற்காக முன்னர் வேலை நீக்கப்பட்டவர். சங்கத்தை ஏற்க மறுத்த மேயர் ஹென்றி லோப், வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றார். தொழிலாளர் ஒவ்வொருவரும் ஓர் அட்டையை ஏந்தி வரிசையாக நடந்தனர். அவ்வட்டையில் ஊதியத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, வண்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'நான் ஒரு மனிதன்' என்பதே அதிலிருந்த வாசகம். இதன் பொருளை நம் மக்களுக்கு உரையெழுதி விளக்க வேண்டுமோ? பெயர் சொல்லி அழைக்கப்படாதவன், வயதில் இளையோராலும் 'டேய்' என்று விளிக்கப்பட்டவன், தன் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளும் ஒரே வாசகம் அது.

அவர்களுக்குத் துணை நிற்கவே டாக்டர் மார்ட்டின் லூதர் கிங் மெம்பிஸ் வந்தார். ஏப்ரல் 3-ஆம் நாள் இரவு அங்கே உரையாற்றினார். 4-ஆம் நாள் மாலை தங்கியிருந்த விடுதியின் மாடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிங் பெருமகனார் உயிர்நீத்தது குப்பை அள்ளுவோர் உரிமைக்காக வந்த இடத்தில் என்னும் செய்தியை எம் பள்ளி மாணவருள் ஒருவரும் அறியாதிருக்கின்றனர். பாடநூலில் அவர் கனவு கண்டார் என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஏப்ரல் 16-ஆம் நாள் நகராட்சி சங்கத்தை ஏற்றது, ஊதியமும் உயர்ந்தது.

இருநாட்டு ஒடுக்கப்பட்டோரையும் ஒப்பிடுவது மிகை என்போர் உண்டு. அண்ணல் அம்பேத்கர் அவ்வாறு கருதவில்லை. 1946-இல் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்கு அவர் மடல் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவையின் முன் கறுப்பின மக்கள் வைத்த முறையீட்டின் படியைக் கேட்டுப் பெறவே அம்மடல். அதற்கு எட்டாண்டு முன்னர், 1938 நவம்பர் 7-ஆம் நாள், வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கிய பம்பாய் மசோதாவை எதிர்த்து ஒருநாள் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர், பெரும்பாலும் பெண்கள், தனியார்மயத்தை எதிர்த்துப் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்த செய்தியைப் படித்தபொழுது எமக்கு மெம்பிஸ் நினைவு வந்தது. அரசு ஊழியராகிய யாம் அதன் வழக்கு வாதங்களுள் புகுதல் முறையன்று. ஆயினும் வரலாறு படித்தவனுக்கு நினைவு வருவதை எந்த விதியும் தடுத்தற்கில்லை.

குப்பையைச் சுமப்பவர் பற்றிக் கூறினோம். குப்பையருகே வாழ்பவர் பற்றி ஆராய்ந்தவர் இராபர்ட் புல்லார்ட் என்னும் கறுப்பினப் பேராசிரியர். டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியொன்றில் குப்பைக் கிடங்கு அமைக்க முனைந்தபொழுது, 1979-இல் அம்மக்கள் வழக்குத் தொடுத்தனர். வழக்கறிஞர் லிண்டா புல்லார்ட், பேராசிரியரின் மனைவி. அவர் தம் கணவரிடம், இந்நகரில் கிடங்குகள் எங்கெங்கே உள்ளன, அங்கே வாழ்வோர் யாவர் எனக் கணக்கெடுத்துத் தருமாறு கேட்டார். பேராசிரியர் தம் மாணவரை அழைத்துக்கொண்டு பதிவேடுகளைத் துருவினார், தெருத்தெருவாகச் சென்றார். கணினி வழி எளிதில் கிடைக்கும் காலமன்று அது. கண்டது இது: நகராட்சிக்குச் சொந்தமான ஐந்து கிடங்குகளும் கறுப்பினத்தார் பகுதிகளில், எட்டு எரியுலைகளில் ஆறு கறுப்பினத்தார் பகுதிகளில். நகரின் மக்கள்தொகையிலோ அவர்கள் காற்பங்கு. வழக்கில் வெற்றி கிட்டவில்லை. கிடங்கு கட்டப்பட்டது. ஆனால் மாணவர் எடுத்த அக்கணக்கு அழியவில்லை. 1982-இல் வட கரோலினாவின் வாரன் வட்டத்தில் நச்சு மண்ணைப் புதைக்கும் கிடங்கை எதிர்த்துச் சாலையில் படுத்து 500-க்கு மேற்பட்டோர் சிறைப்பட்டதும், 1987-இல் நச்சுக் கழிவும் இனமும் பற்றிய நாடளாவிய அறிக்கை வெளிவந்ததும் அவ்வழியில் வந்தனவே. சுற்றுச்சூழல் நீதி என்று இன்று பல்கலைக்கழகங்களில் பாடமாக உள்ள துறைக்கு வித்து அம்மாணவர் எழுதிய குறிப்பேடுகளில் இருந்தது.

இனி மீண்டும் ஃபிரெஷ் கில்ஸ். ஈண்டு ஒரு செய்தியை மறைக்காமல் சொல்லல் வேண்டும். ஸ்டேட்டன் தீவினர் பெரும்பாலும் வெள்ளையரே. அவ்வாறாயின் அவர்கள்மீது இச்சுமை விழுந்ததேன்? வாக்கு குறைவு என்பதே விடை. நகர ஆட்சியில் அவர்கள் குரல் சிறிது. நிறத்தால் மட்டுமன்று, எண்ணிக்கையால் எளியவரும் குப்பைக்கு ஆளாவர் என்பது இதனால் விளங்கும். அவர்கள் எளியராக நெடுநாள் இருக்கவில்லை. 1993-இல் நியூயார்க் நகரினின்றே பிரிந்து போவோம் என்று தீவில் வாக்கெடுப்பு நடந்தது. 100-க்கு 65 பேர் ஆம் என்றனர். பிரிவினை நடைபெறவில்லை. எனினும் ஆட்சியாளர் அவ்வாக்கின் எடையை உணர்ந்தனர். தீவினரின் ஆதரவால் வென்ற மேயர் ஜூலியானியும், ஆளுநர் பட்டாக்கியும் பதவியிலிருந்த 1996-இல், 2001 டிசம்பர் 31-க்குள் கிடங்கை மூட வேண்டும் என்னும் சட்டம் பிறந்தது. கடைசிக் குப்பைப் படகு 2001 மார்ச் 22-ஆம் நாள் வந்தது.

ஆறே மாதத்தில் அம்மேடு மீண்டும் திறக்கப்பட்டது. செப்டம்பர் 11-இல் இரட்டைக் கோபுரங்கள் தாக்குண்டு வீழ்ந்தபின் அவற்றின் இடிபாடுகளை இங்கே கொண்டுவந்து பரப்பி, பல மாதங்கள் சலித்து, மாண்டோரின் எச்சங்களையும் உடைமைகளையும் தேடினர். தேடி எடுத்தபின் எஞ்சிய துகள் அங்கேயே புதைக்கப்பட்டது. எம் மக்களின் எச்சம் குப்பைமேட்டில் கிடத்தலாகாது என்று உறவினர் வழக்காடினர், வழக்கு தள்ளுபடியாயிற்று. இறந்தவரைப் புதைக்கத் தக்க இடமும் அவ்விடத்திற்கு வழியும் வேண்டி நம் மக்கள் எத்தனை ஊர்களில் மனுக்கொடுத்து நின்றிருக்கின்றனர் என எண்ணுவோர்க்கு அத்துயரம் அயலாகத் தோன்றாது.

மேட்டை இயற்கையினிடம் ஒப்படைக்கும் வேலை அதன் பின்னரே முறையாக நடந்தது. பலர் நினைப்பதுபோல் குப்பையை அகற்றிவிடவில்லை. ஏறத்தாழ 150 மில்லியன் டன், அதாவது 15 கோடி டன் குப்பை இன்றும் அடியில் உள்ளது. அதன்மேல் மண், வளி வெளியேறும் அடுக்கு, நீர்புகாத பிளாஸ்டிக் விரிப்பு, நீர்வடியும் அடுக்கு, மீண்டும் மண், இறுதியில் செடி வளரும் மேல்மண் என்று படிப்படியாகப் போர்த்தினர். காற்றில்லாத இடத்தில் உணவுக் கழிவு அழுகுங்கால் மீத்தேன் வளி பிறக்கும்; அதனைக் குழாய்வழி எடுத்துத் தூய்மை செய்து வீடுகளுக்கு எரிவளியாக விற்றனர். கசிவுநீரைத் திரட்டிச் சுத்திகரிக்க ஆலை உண்டு. மேடு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அமிழும். அதனைப் பல பத்தாண்டு அளந்துகொண்டே இருத்தல் வேண்டும். கொட்டியது 53 ஆண்டு. காவல் காப்பது அதனினும் நீளக்கூடும்.

2001-இல் உலகளாவிய வடிவமைப்புப் போட்டி நடத்தினர். ஜேம்ஸ் கார்னரின் குழு வென்றது. 2,200 ஏக்கர் பூங்கா. நகர நடுவிலுள்ள புகழ்பெற்ற சென்ட்ரல் பூங்காவைப் போல் இரண்டரை மடங்கிற்கு மேல். பகுதி பகுதியாகத் திறக்கின்றனர். 2023-இல் திறந்த வடபகுதி 21 ஏக்கர். முழுமையும் 2036 அளவில் முடியும் என்பது திட்டம். இதற்கிடையே புல்வெளிக் குருவிகளும், மீன்பிடிக்கும் பெரும் பறவைகளும் யாருடைய அனுமதியும் கேளாமல் வந்து கூடு கட்டியுள்ளன. மண்டிய நாணலை ஒழிக்க 2012-இல் ஆடுகளைக் கொண்டுவந்து மேயவிட்டனர் என்று படித்தபொழுது எமக்குச் சிரிப்பு வந்தது. பொறியாளர் பட்டம் பெற்ற பின்னும் ஆட்டுக்காரரிடம் வரவேண்டியதாயிற்று.

மேடு மூடப்பட்டது நன்று. நகரின் குப்பை எங்கே போயிற்று? பென்சில்வேனியா, வர்ஜீனியா, தென் கரோலினா போன்ற பிற மாநிலங்களின் கிடங்குகளுக்கு லாரியிலும் இரயிலிலும் சென்றது. செல்லுமுன் அதனைக் கூட்டி மாற்றி ஏற்றும் நிலையங்கள் தென் பிராங்ஸ், வட புரூக்ளின், தென்கிழக்குக் குவீன்ஸ் ஆகிய பகுதிகளில் நெருங்கி அமைந்தன. அங்கே வாழ்வோர் பெரும்பாலும் கறுப்பினத்தாரும் இலத்தீன் அமெரிக்க வழிவந்தோரும் ஆகிய எளியோர். தீவினரின் மூக்குக்கு விடுதலை கிடைத்தபொழுது இவர் பிள்ளைகளின் நுரையீரலுக்கு லாரிப் புகை வந்தது. இவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வட்டாரமும் தன் குப்பையின் சுமையைத் தானே ஏற்க வேண்டும் என்னும் கோரிக்கை 2006-ஆம் ஆண்டுத் திட்டத்தில் இடம்பெற்றது. செல்வர் வாழும் மன்ஹாட்டன் கிழக்குப் பகுதியில் ஆற்றங்கரைக் குப்பை நிலையம் அமைவதை அங்குள்ளோர் பல்லாண்டு எதிர்த்தனர். 2019-இல் அது திறக்கப்பட்டது. 2018-இல் இயற்றிய சட்டம் அம்மூன்று எளிய பகுதிகளில் நிலையங்களின் கொள்ளளவைக் குறைத்தது. எம் கருத்தில், இந்த வரலாற்றில் நியாயம் முதன்முதலில் தலைகாட்டியது பூங்காவில் அன்று; இச்சட்டங்களிலேயே.

இன்னொரு மேட்டையும் இங்கே குறிப்பிட வேண்டும். முன்னர்ச் சொன்ன புரூக்ளின் கடலோரக் கிடங்குகளும் மூடி மண்ணிடப்பட்டு, ஆயிரக்கணக்கில் மரமும் செடியும் நடப்பட்டு, 2019-இல் 407 ஏக்கர் பூங்காவாகத் திறக்கப்பட்டன. அதற்கு ஷெர்லி சிஷோம் பெயர் இடப்பட்டுள்ளது. 1968-இல், கிங் பெருமகனார் வீழ்ந்த அதே ஆண்டில், அமெரிக்க நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்மணி அவர்; 1972-இல் குடியரசுத் தலைவர் பதவிக்கே போட்டியிட்டவர்; அதற்கு முன்னர்க் குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியை.

ஆயுளை நீட்டித்தபின் பூங்காவாகாமல் போன மேடுகளும் உண்டு. 2000 ஜூலையில் மணிலாவின் பயாட்டாஸ் மேடு சரிந்து 200-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் அம்மேட்டில் பொறுக்கிப் பிழைத்தோரும் அவர்தம் குடும்பத்தாரும். 2017 ஏப்ரல் 14-ஆம் நாள், புத்தாண்டு நாளில், கொழும்பின் மீதொட்டமுல்ல மேடு குடிசைகளின்மேல் சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் டெல்லி காஜிப்பூர் மேடு சரிந்து இருவர் இறந்தனர். 1984-இல் தொடங்கிய அக்கிடங்கு 2002-இலேயே நிரம்பிவிட்டதாகக் கணக்கு. நிரம்பியபின் 15 ஆண்டு அதன்மேல் கொட்டினர். இவ்விடங்களிலெல்லாம் இரும்பும் பிளாஸ்டிக்கும் தாளும் பொறுக்கி எடுத்து, மேடு வளரும் வேகத்தை உண்மையிலேயே குறைத்தவர் பொறுக்குவோரே. கிடங்கின் ஆயுளை ஊதியமின்றி நீட்டித்துக் கொடுத்த அவர்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லை.

நம் மாநிலத்திற்கு வருவோம். சென்னையின் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பில் பெருங்குடிக் கிடங்கு. வடக்கே உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் கொடுங்கையூரில் மற்றொரு கிடங்கு. சதுப்பு வீண் நிலம் என்ற பழங்கொள்கை இங்கும் வேலை செய்தது. 2007-இல் பள்ளிக்கரணையின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் அச்சதுப்பு உலகளாவிய ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் பெருங்குடி மேடு தீப்பற்றிப் பல நாள் புகைந்தது. இங்கே நியூயார்க் வழி பின்பற்றப்படவில்லை. மூடிப் போர்த்தாமல், பயோமைனிங் என்னும் அகழ்ந்து பிரிக்கும் முறையை மாநகராட்சி மேற்கொண்டது. பழங்குப்பையைக் கிளறி உலர்த்தி, சுழலும் சல்லடையில் இட்டு, மண் வேறு, கல் வேறு, எரியக்கூடிய பிளாஸ்டிக் வேறு எனப் பிரித்து, எரிவதைச் சிமெண்டு ஆலைகளுக்கு அனுப்புவது அம்முறை. நிலம் உண்மையாகவே மீளும் என்பதால் இது மேலான வழி என்பது எம் எண்ணம். ஆனால் ஒருபுறம் அகழ்ந்துகொண்டே மறுபுறம் புதுக்குப்பை கொட்டினால் அது மீட்பாகாது. ஆயுள் நீட்டிப்பே ஆகும். மீண்ட நிலம் சதுப்பாகுமா, பூங்காவாகுமா, கட்டடமாகுமா என்பதையும் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைத் திட்டத்தை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றனர். நியூயார்க்கின் எரியுலைப் புகையை மேலே சொன்னோம். அதனை அறிந்தவர் அச்சங்கிலியை வளர்ச்சிக்கு எதிரி என எளிதில் ஒதுக்கிவிடார்.

நம் சங்கத்து இளைஞரிடம் ஒரு வேலையை ஒப்படைக்கின்றோம். ஹூஸ்டன் மாணவர் செய்தது அதுவே. உங்கள் ஊர்க் குப்பைக் கிடங்கு எந்த ஆண்டு தொடங்கிற்று, அந்நிலம் அதற்குமுன் ஏரியா, மேய்ச்சற் புறம்போக்கா, இடுகாடா என்பதைக் கிராம நிலப் பதிவேட்டில் பாருங்கள். நகராட்சி மன்றத் தீர்மானங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் வழி கேட்டுப் பெறுங்கள். கிடங்கிலிருந்து நடந்து சென்று, முதலில் வரும் நூறு வீடு யாருடையவை எனக் குறித்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற தூய்மைப் பணியாளர் ஒவ்வொருவரிடமும் சென்று, பணியில் சேர்ந்த ஆண்டு, முதல் மாத ஊதியம், வண்டி எத்தகையது, உடன் பணிசெய்து மாண்டோர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். பெயரை முழுமையாக எழுதுங்கள். தந்தை பெயரும் ஊரும் சேர்த்து. எண்பதைக் கடந்தவர்களிடம் முதலில் செல்லுங்கள். குறிப்பேடும் எழுதுகோலும் வேண்டுவோர் சங்கச் செயலரிடம் பெற்றுக்கொள்ளலாம்.